இதயம் நின்று மீண்டவர் எமதூதரைக் கண்டதாகச் சொன்னால், கிறிஸ்தவர் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

ரங்கூன் மருமகள்:

இயேசுவுக்கே புகழ். என் மாமனாரின் தகப்பனார் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. சென்ற மழைக்காலத்தில் மாமனாருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் இதயம் நின்றுபோக, நெஞ்சை அழுத்தி மீட்டார்கள். பேச்சுத் தெளிந்ததும் அவர் சொன்னது இதுதான்: கறுத்த ஆட்கள் இருவர் கையைக் கட்டி இழுத்துப்போனார்களாம், அங்கே பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர், "நான் கொண்டுவரச் சொன்ன ஆள் இவனில்லை" என்று அந்த இருவரையும் வைது, இவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

இது பசாசின் வேலை, அதை ஓட்ட விடுதலை ஜெபம் செய்யவேண்டும் என்கிறார் ஜெபக்குழுப் பெரியவர். அனோரதா சாலைக் காளி கோயிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு வேறென்ன தெரியும் என்று என் கொழுந்தனார் சிரிக்கிறார். மாமனாரோ ஜெபமாலையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சேசுவைக் காணாதவன் எந்த முகத்தோடு பூசைக்குப் போவது என்று கேட்கிறார். மரணத்துக்குப் பின் என்ன என்பதற்கு இப்படிப்பட்ட காட்சி சாட்சியாகுமா? திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்கவேண்டுகிறேன்.

மோல்மேன் உபதேசியார்:

சகோதரி, உங்கள் மாமனார் கண்டது இந்துக் காட்சி என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. ஆள் மாறிப்போன கதை திருச்சபையின் பழைய ஏடுகளிலேயே இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகருக்கு அருகே கூர்மா என்றொரு எளிய மனிதர் (பெயரைக் கேட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள்) பல நாள் அசைவற்றுக் கிடந்து, மூக்கில் இழையோடிய மூச்சால் மட்டுமே உயிரோடிருப்பதாக அறியப்பட்டு, பிறகு கண் விழித்தவுடன், அதே பெயருள்ள கொல்லர் கூர்மாவின் வீட்டில் என்ன நடக்கிறதென்று பார்த்து வாருங்கள் என்றார். போய்ப் பார்த்தால், அந்தக் கொல்லர் அப்போதுதான் இறந்திருந்தார். கொண்டுவரச் சொன்னது கொல்லரை, இவரை அல்ல என்று அங்கே பேசக் கேட்டதாக இவர் சொன்னார். இதை எழுதிவைத்தவர் அப்போது ஹிப்போவின் ஆயராயிருந்த புனித அகுஸ்தீனார். காலம் ஏறத்தாழ 421. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் பெரிய கிரகோரியாரும், கொன்ஸ்தாந்தினோபிளில் இறந்து மீண்ட ஸ்தேவான் என்பவர் தம்மிடமே சொன்னதாக ஏறக்குறைய இதே கதையைப் பதிவுசெய்திருக்கிறார். அதிலும் கொண்டுவரச் சொன்ன ஆள் ஒரு கொல்லர்தான்.

அகுஸ்தீனார் இதை எடைபோட்ட விதம்தான் உங்களுக்குத் தேவையானது. கூர்மா அந்த நிலையில் இறந்தவர்களோடு உயிரோடிருந்த பலரையும் கண்டார். தமக்கு ஹிப்போவில் அகுஸ்தீனாரே ஞானஸ்நானம் கொடுப்பதாகவும் கண்டார். அகுஸ்தீனாருக்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. உயிரோடிருந்த நம்மை, நாம் அறியாமலே, அவர் சாயலாகக் கண்டார் என்றால், இறந்தவர்களையும் அவ்வாறே சாயலாகத்தானே கண்டிருப்பார் என்பது அவருடைய வாதம். ஆனாலும் அவர் கூர்மாவைப் பொய்யர் என்று தள்ளிவிடவில்லை. குணமான பின் கூர்மா உண்மையாகவே ஹிப்போவுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்.

இன்னொன்று: ஆன்மா உடலை விட்டுப் பிரிந்த பின்புதான் தனித்தீர்வை, அதாவது அவரவருக்கான கடவுளின் தீர்ப்பு, என்று நாம் ஞானோபதேசத்தில் படிக்கிறோம். உங்கள் மாமனார் மரிக்கவில்லை, மரணத்தின் வாசற்படி வரை போய்த் திரும்பியிருக்கிறார். ஆகவே அவர் கண்டது தீர்வையும் அல்ல, சேசு அவரைக் கைவிட்டார் என்பதற்கு அடையாளமும் அல்ல.

செவிலியர், மண்டலே:

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவள். எங்கள் குடும்பம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. நெதர்லாந்தில் பிம் வான் லோமெல் குழுவினர் இதயம் நின்று மீண்ட 344 பேரை விசாரித்து 2001 இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எதையாவது கண்டதாகச் சொன்னவர்கள் 62 பேர் மட்டுமே. எதுவும் காணாதவர்களே பெரும்பான்மை. அவர்களிலும் நல்ல விசுவாசிகள் இருந்திருப்பார்கள் அல்லவா? உடலை விட்டு மேலே மிதந்ததாகச் சொல்கிறவர்களைச் சோதிப்பதற்காக, சாம் பார்னியா குழுவினர் மருத்துவமனை அறைகளில் மேலிருந்து மட்டுமே தெரியும்படி உயரத் தட்டுகளில் படங்களை வைத்தார்கள். 2014 இல் முடிவு வெளிவந்தபோது, அப்படி ஒரு படத்தைக் கண்டு சொன்னவர் ஒருவரும் இல்லை. எலிகளின் இதயம் நின்ற பின் சுமார் அரை நிமிடம் மூளையில் ஒழுங்கான மின்னலைகள் பெருகியதாக 2013 இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதருக்கும் அப்படித்தான் என்று அதை வைத்து முடிவுசெய்துவிட முடியாது.

ஆள் மாறிப்போன கதையை இந்தியாவில் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986 இல் ஆய்வுக்கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் ஒளியையும் இறந்த உறவினரையும் கண்டதாகச் சொல்ல, இந்தியர்கள் தூதர்களையும் ஏட்டையும் கண்டதாகச் சொன்னார்கள். நம் நாட்டிலோ பர்மியப் புத்தாண்டு நீர்த்திருவிழாவான திஞ்ஞான் வந்தாலே, தேவர்களின் அரசர் தஜாமின் நல்லவர் பெயரைப் பொன்னேட்டிலும் கெட்டவர் பெயரை நாய்த்தோலிலும் எழுத இறங்கி வருகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வெளிப்படுத்தின விசேஷத்திலும் புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன. இத்தனை ஏடுகளுக்கு நடுவே வளர்ந்த ஒருவர் ஏட்டைக் கண்டதற்குப் பசாசைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவரை வருகிறவர் போகிறவர் எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்க விடாதீர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கேட்கிறவர் விரும்புவது கொஞ்சம் சேர்ந்துவிடும். முதல் நாள் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதித் தேதி போட்டு வைத்துவிட்டு, தூக்கம் எப்படி, நெஞ்செலும்பு வலி எப்படி என்று கேளுங்கள்.

பெகு விசுவாசி:

ஸ்தோத்திரம். மன்னிக்கவேண்டும், சகோதரி செவிலியர் சொல்வதை முழுவதும் ஏற்க எனக்கு மனம் இடந்தரவில்லை. கர்த்தர் சொப்பனத்தாலும் தரிசனத்தாலும் பேசுகிறவர். மரணப் படுக்கையில் கண்டதால் மனந்திரும்பியவர்களை நான் அறிவேன். எல்லாவற்றையும் மூளையின் மின்னலை என்று சொல்லிவிட்டால் பவுல் மூன்றாம் வானம் வரை எடுக்கப்பட்டதை என்ன சொல்வது? ஐயாவின் காட்சி ஓர் எச்சரிப்பாகவும் இருக்கலாம். குணமானதும் அவர் சபையில் எழுந்து சாட்சி சொன்னால் பலருக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மோல்மேன் உபதேசியார்:

சகோதரரே, கடவுள் கனவில் பேசமாட்டார் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பவுலடியார் தாம் கேட்டவற்றை மனிதர் பேசலாகாது என்று சொல்லி, பதினான்கு ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பேச்சை நாலு வரியில் முடித்துக்கொண்டார். நான்கு நாள் கல்லறையிலிருந்து சேசுவால் உயிர்பெற்ற பெத்தானியா லாசரு அங்கே கண்டதாக ஒரு சொல்லும் நற்செய்தியில் இல்லை. நம் நம்பிக்கை கிறிஸ்துவின் உயிர்ப்பின் மேல் நிற்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15 ஆம் அதிகாரத்தில் பவுலடியார் அதற்குச் சாட்சிகளாக வரிசைப்படுத்துவது உயிர்த்தவரைக் கண்டவர்களைத்தானே ஒழிய, செத்துப் பிழைத்தவர்களை அல்ல.

சாட்சி சொல்ல வைப்பதில் எனக்கு ஒரு கசப்பும் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில், மரித்து மூன்று நாளில் எழுந்த பிக்கு என்று ஓர் ஒலிநாடா இந்த நாட்டில் கைமாறியது. அதில் புத்தரையே நரகத்தில் கண்டதாகப் பேசப்பட்டது. பௌத்தர்களுக்கு நடுவே வாழும் நமக்கு அது என்ன நன்மை செய்தது? அமெரிக்காவில், பரலோகம் போய் வந்ததாகப் புத்தகத்தில் வந்த ஒரு சிறுவன், 2015 இல் தானே அதைப் பொய்யென்று வெளிப்படையாகச் சொன்னான். பதிப்பகத்தார் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். அறியாத வயதில் சொன்னதை வருடக்கணக்காகச் சுமக்க வைத்தது சுற்றியிருந்த பெரியவர்கள்தான் என்பது என் கருத்து.

ஆகையால் சகோதரி, விடுதலை ஜெபம் இப்போது வேண்டாம். பங்குச் சாமியாரிடம் சொல்லி நோயில்பூசுதலும் (நோயாளிக்குத் தைலம் பூசும் அருட்சாதனம்) நன்மையும் (நற்கருணை) வீட்டிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். சாமியார் வரும்போது கொழுந்தனாரையும் கூட இருக்கச் சொல்லுங்கள்.