டாமியா கிளாட் பஸ்டரில் 3எஸ் பிரஷ்லெஸ்: போடலாமா, வேண்டாமா?

ஆனைமலைமண்
வணக்கம். சிங்கப்பூரில் இருந்த மாமா ஊரோடு வந்துவிட்டார். வரும்போது எனக்கென்று பிரிக்காத கிட் ஒன்று கொண்டுவந்தார்: டாமியா கிளாட் பஸ்டர், மறுவெளியீடு. இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்கு: ரிமோட்டில் ஓடும், பத்தில் ஒரு பங்கு அளவு மான்ஸ்டர் டிரக், மேலே செவ்ரலே பிக்கப் பாடி. சில்வர் கேன் 540 மோட்டார் (கார்பன் பிரஷ் வைத்த சாதாரண வகை, அதாவது பிரஷ்டு) இரண்டு, ஆக்சிலுக்கு ஒன்று. நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும்.

என் திட்டம்: பெட்டியில் வந்த மோட்டார்களை ஓரம் வைத்துவிட்டு 3300 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3300 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார் இரண்டு, அதற்கு ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இரண்டு, 3எஸ் (மூன்று செல், 11.1 வோல்ட்) லைப்போ பேட்டரி. பட்ஜெட் இதற்கே சரியாகிவிடும். ஓட்டப்போவது பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில். செம்மண், வரப்பு, வழியெல்லாம் விழுந்து கிடக்கும் மட்டை. வேண்டாம் என்பவர்கள் ஏன் என்று சொல்லுங்கள், போடு என்பவர்கள் எந்த மோட்டார் என்று சொல்லுங்கள்.

இரட்டைமோட்டார்
நான் வேண்டாம் கட்சி. கிளாட் 1987-இல் வந்த வடிவமைப்பு. அதில் குறை நிறைய உண்டு, ஆனால் வேகம் அந்தப் பட்டியலிலேயே வராது. முதல் குறை ஸ்டியரிங். நான்கு சக்கரத்தையும் திருப்புவது சேசிஸில் உட்கார்ந்திருக்கும் ஒரே சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார்), அதுவும் நீளமான கம்பிகள் வழியாக. ஒரு சக்கரம் மட்டையில் ஏறி ஆக்சில் மேலே போனால் கம்பி தன் பாட்டுக்கு இழுக்கும். நீங்கள் ரிமோட்டைத் தொடாமலே வண்டி திரும்பும். ஸ்டாக் (பெட்டியில் வந்தபடியே உள்ள) வேகத்தில் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். 3எஸ்-இல் நேரே தென்னை மரம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சில்வர் கேன் 7.2 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 15,000 சுற்று. உங்கள் மோட்டார் 3300 பெருக்கல் 11.1, அதாவது 36,630. அதே கியரில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வேகம். மோதும்போது வரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், மரத்தில் இடிக்கும்போது ஏறக்குறைய ஆறு மடங்கு. அதை வாங்கிக்கொள்வது எது? கிளாட்டில் ஆக்சில் கூடுதான் கியர்பாக்ஸ் கூடும். பிளாஸ்டிக்.

டயரையும் மறந்துவிடாதீர்கள். அவ்வளவு பெரிய ரப்பர் அந்தச் சுற்றில் பலூன் மாதிரி உப்பி, ரிம்மில் ஒட்டிய பசையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் ஆக்சிலுக்கு ஒரு சர்வோ. அடுத்து நல்ல ஆயில் ஷாக். அதற்கப்புறம் வேண்டுமானால் லிங்க் சேசிஸ் (ஆக்சிலைக் கம்பிகளால் பிடித்து நிறுத்தும் வகை). மோட்டார் கடைசி.

சென்சார்பித்தன்
அவர் 3300 என்று எழுதிவிட்டார், அதை வைத்துக்கொண்டு பிரஷ்லெஸ் மொத்தத்தையும் குப்பையில் போட்டால் எப்படி? 1800 கேவி எடுக்கட்டும். 3எஸ்-இல் 19,980 சுற்று. ஸ்டாக்கைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். இதில் எங்கே வருகிறது உங்கள் ஆறு மடங்கு?

செம்மண்ணில் பிரஷ்டு மோட்டார் என்ன பாடுபடும் என்று தோப்பில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கிளாட்டில் மோட்டார் ஆக்சிலோடு சேர்ந்து தரைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தூசியைக் குடித்துக்கொண்டே ஓடும். கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) கறுத்து, பிரஷ் தேய்ந்து, ஒருநாள் ஒரு ஆக்சில் மட்டும் சோம்பலாக இழுக்கும். சில்வர் கேனைத் திறந்து பிரஷ் மாற்றவும் முடியாது, மூடிய டப்பா. தூக்கி எறிய வேண்டியதுதான்.

இரட்டைமோட்டார்
"தூக்கி எறிய வேண்டியதுதான்" என்கிறார் சென்சார்பித்தன். எறியுங்களேன், என்ன போயிற்று? மோட்டார் வகையிலேயே மலிவானது அதுதான். பிரஷ்லெஸ் போவதானால் சென்சார் (ரோட்டர் எங்கே நிற்கிறது என்று ஈஎஸ்சிக்குச் சொல்வது) உள்ள மோட்டாரும் அதற்கேற்ற ஈஎஸ்சியும் கிளாட்டில் எப்போதுமே ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சென்சார் இல்லாத மோட்டார் இரண்டு போட்டால் கிளம்பும்போது ஒன்று இழுக்கும், மற்றது திக்கித் திணறும். நின்ற இடத்திலிருந்து மெல்ல வரப்பேறுவதுதான் இந்த வண்டியின் அழகே. அங்கேயே கோட்டைவிட்டால் எதற்கு?

கடைசிவோல்ட்டு
நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் பிரஷ்டு பக்கம் போவதானால் ஒன்றை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும், இங்கே யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு மோட்டாரையும் ஒரே ஈஎஸ்சியில் தொடராக இணைப்பதா, பக்க இணைப்பாகவா?

தொடரில் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம். முன் சக்கரம் மட்டைமேல் ஏறி அந்தரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். முன் மோட்டாருக்குச் சுமை இல்லை, அதனால் விர்ரென்று சுற்றும். சுற்றச் சுற்ற அது உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் ஏறும், சுற்று முழுக்க மின்னோட்டம் இறங்கும். பின் சக்கரத்துக்குத் தரையில் நல்ல பிடி இருந்தும் இழுக்கத் தெம்பு இருக்காது. வண்டி முன்னால் காற்றைக் கடைந்துகொண்டு அங்கேயே நிற்கும். ஓபன் டிஃப் (பிடி இல்லாத சக்கரம் சும்மா சுற்றும் வகை டிஃபரன்ஷியல்) போட்ட ஜீப்பில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பக்க இணைப்பில் இரண்டுக்கும் பேட்டரியின் முழு வோல்ட் தனித்தனியாகக் கிடைக்கும். முன் மோட்டார் சும்மா சுற்றினாலும் அதன் உச்ச வேகத்தோடு நின்றுகொள்ளும், பின் மோட்டாருக்குப் போவது குறையாது. தோப்புக்கு இதுதான் சரி.

இதற்கு விலை ஈஎஸ்சியின் மேல் விழும் சுமை. சில்வர் கேன் 27 டர்ன் (உள்ளே சுற்றிய கம்பியின் சுற்று எண்ணிக்கை; அது குறையக் குறைய மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும்). இரண்டு பக்க இணைப்பில் இருந்தால் ஈஎஸ்சிக்கு அது ஒரு 13.5 டர்ன் மோட்டார் மாதிரி. பலரும் வாங்கும் ஹாபிவிங் 1060 ஈஎஸ்சியை எடுத்துக்கொண்டால், 2எஸ்-இல் 12 டர்னுக்குக் குறையக் கூடாது, 3எஸ்-இல் 18-க்குக் குறையக் கூடாது. ஆக 2எஸ் தாராளம், 3எஸ் கூடாது. அதிலுள்ள சின்ன ஜம்பர் லைப்போ பக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கல் பக்கம் இருந்தால் பேட்டரி இறங்குவதைச் சரியான இடத்தில் தடுக்காது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் உப்பிவிடலாம், உப்பியதைச் சார்ஜ் போட நினைக்கவே கூடாது.

சும்மாவேடிக்கை
இவ்வளவு மல்லுக்கட்டுக்குப் பதில் லோசி எல்எம்டி ஒன்று வாங்கிவிடலாமே? அதுவும் சாலிட் ஆக்சில்தான். ஒரே மோட்டார், சேசிஸ் நடுவில். பிரஷ்லெஸ், 3எஸ் வரை தாங்கும், கட்டிய வண்டியாகவே வரும். பெட்டியைத் திற, ஓட்டு.

ஆனைமலைமண்
மாமா ஆசையாகக் கொண்டுவந்ததை விற்றால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. கிளாட்தான் ஓடும், கிளாட்டைப் பற்றியே பேசுவோம்.

சென்சார்பித்தன்
கடைசிவோல்ட்டு சொன்ன சுமைக் கணக்கு என் பக்கத்துக்குத்தான் சாதகம். பிரஷ்லெஸ்ஸில் ஆக்சிலுக்கு ஒரு ஈஎஸ்சி, ஒவ்வொன்றும் பாதிச் சுமையோடு குளிர்ச்சியாக ஓடும். முன்னும் பின்னும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். வசதியான ரிமோட் இருந்தால் பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து முன்பக்கம் தூக்குவதை அடக்கலாம். பிரஷ்டு ஜோடியை ஒரே ஈஎஸ்சியில் கட்டிவிட்டு இதைச் செய்யுங்கள் பார்ப்போம்.

இரட்டைமோட்டார்
முன்பக்கம் ஏன் தூக்குகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மோட்டார் ஆக்சிலிலேயே இருப்பதால் சக்கரம் முன்னோக்கிச் சுற்ற, ஆக்சில் கூடு எதிர்ப்பக்கம் முறுக்கும். அந்த முறுக்கு முழுவதும் சஸ்பென்ஷனில்தான் இறங்கும். ஸ்டாக் சேசிஸில் அதைப் பிடித்து நிறுத்த ஒழுங்கான லிங்க் அமைப்பு இல்லை. அதிகத் திருகுவிசை கொடுத்துவிட்டு, அதை அடக்க ரிமோட்டில் மிக்ஸிங் தேடுவது என்ன வேலை?

இன்னொன்று. இது பார்வை பற்றியது, ஒத்துக்கொள்ளாதவர்கள் விட்டுவிடலாம். அசல் மான்ஸ்டர் டிரக்கின் டயர் 66 அங்குலம். கிளாட் டயர் ஏறக்குறைய 16 செ.மீ., அதாவது அசலில் பத்தில் ஒன்று என்றே சொல்லலாம். உருவத்தைப் பத்தில் ஒன்றாக்கலாம், புவியீர்ப்பைக் குறைக்க முடியாது. அதனால் மாதிரி வண்டி விழுவதும் குதிப்பதும் அசலைவிடச் சுமார் 3.2 மடங்கு சுறுசுறுப்பாகத் தெரியும், பத்தின் வர்க்கமூலம் அவ்வளவுதான். வேகத்துக்கும் அதே பெருக்கல். மணிக்கு 16 கி.மீ.-இல் ஓடும் கிளாட், அசல் டிரக் 50-இல் ஓடுவது போல இருக்கும். அதை 60-இல் விரட்டினால் அசல் டிரக் 190-இல் பறப்பதற்குச் சமம். பார்க்கிறவனுக்கு மான்ஸ்டர் டிரக் தெரியாது, பயந்து ஓடும் எலிதான் தெரியும்.

சென்சார்பித்தன்
எலியோ புலியோ, ஓட்டுகிறவனுக்குச் சிரிப்பு வந்தால் போதும். பரணில் வைத்து அழகு பார்க்கவா மாமா கொடுத்தார்?

அசல், அசல் என்று சொல்கிறீர்களே, அசல்காரர்களே பழசோடு நிற்கவில்லை. அமெரிக்க மான்ஸ்டர் டிரக் குழுவான பிக்ஃபுட் 2012-இல் பேட்டரியில் ஓடும் பிக்ஃபுட் 20-ஐக் கட்டிக் காட்டியது. மெத்தனால் எஞ்சின்தான் மரபு என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. நாம் மட்டும் 27 டர்ன் டப்பாவைக் கும்பிட வேண்டுமா?

இரட்டைமோட்டார்
கும்பிடச் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். அசலையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓட்டுநர் முன் சக்கரத்தை ஸ்டியரிங்கில் திருப்புகிறார், பின் சக்கரத்துக்குக் கையில் தனி சுவிட்ச். ஆக்சிலுக்கு ஒரு சர்வோ போட்டால் நமக்கும் அது கிடைக்கும். மூன்று சேனல் ரிமோட் இருந்தால் பின் ஆக்சிலை நேராகப் பூட்டி வேகமாக ஓட்டலாம், எதிர்த்திசையில் திருப்பிக் குறுகிய இடத்தில் வளைக்கலாம், ஒரே திசையில் திருப்பி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்த்தலாம். எந்த மோட்டாராலும் இதைத் தர முடியாது.

அந்தக் கெட்டி பாடியையும் ஓட்டும்போது கழற்றி வைத்துவிட்டு லெக்சான் (மெல்லிய பாலிகார்பனேட்) பாடி போடுங்கள். ஒருமுறை குப்புற விழுந்தால் கூரைத் தூண் விரிசல்விடும். லெக்சான் எடை குறைவு, மேலே எடை குறைந்தால் குப்புற விழுவதும் குறையும். பெயின்ட்டை உள்பக்கம் அடிக்க வேண்டும், வெளியில் அடித்தால் முதல் உருளலிலேயே உரிந்து போகும்.

ஆனைமலைமண்
சரி, எனக்கு ஒரு வழி தெரிகிறது. இப்போதைக்கு மெட்டல் கியர் சர்வோ இரண்டு, 20 கிலோ-செ.மீ. திருகுவிசை வகை. ஆக்சில்மேல் சர்வோவைப் பிடிக்க 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் தாங்கி வெட்டிக்கொள்கிறேன், கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது. ஸ்டாக் மோட்டார் பக்க இணைப்பில், 2எஸ். லெக்சான் பாடியும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். பட்ஜெட்டில் மீதி இருந்தால் ஷாக். சென்சார் மோட்டார் பற்றி ஸ்டியரிங் சரியான பிறகு யோசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம்: இரண்டு பெரிய சர்வோவுக்கும் கரண்ட் ஈஎஸ்சியிலிருந்தே வந்துவிடுமா?

சென்சார்பித்தன்
உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். மழை முடிந்து செம்மண் காய்ந்து புழுதி கிளம்பும்போது பின் மோட்டாரின் ஒயர் பக்கத்தை மோந்து பாருங்கள். கருகல் வாடை வந்தால் இங்கேயே வந்து கேளுங்கள், 1800 கேவி பட்டியல் அப்போது தருகிறேன். இரட்டைமோட்டார் சொன்ன வரிசையை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசிவோல்ட்டு
ஈஎஸ்சியை நம்பாதீர்கள். அதற்குள் இருக்கும் பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் தரும் பகுதி) வழக்கமாக 2, 3 ஆம்பியர்தான் தரும். கல்லில் சிக்கி இரண்டு சர்வோவும் ஒரே நேரத்தில் முக்கினால் அதைத் தாண்டிவிடும். வோல்ட் சரிந்து ரிசீவர் ஒரு நொடி அணைந்து எழும், அந்த ஒரு நொடி வண்டி யார் சொல்லையும் கேட்காது.

தனி பிஇசி ஒன்று வாங்குங்கள், 6 வோல்ட், குறைந்தது 8 ஆம்பியர். சென்னை வந்தால் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். உள்ளே போகும் ஒயரை நேரே பேட்டரி கனெக்டரில் பற்றவையுங்கள், வெளியே வருவதை ரிசீவரின் பேட்டரி துளையில் செருகுங்கள். ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று ஒயர் பிளக்கில் நடுவிலிருக்கும் சிவப்பை மட்டும் ஊசியால் நெம்பி வெளியே எடுத்து டேப் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பிஇசியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். கறுப்பையும் வெள்ளையையும் தொடாதீர்கள். சர்வோ 6 வோல்ட் தாங்குமா என்று பெட்டியில் பார்த்துவிட்டே இணையுங்கள்.