‘முகபாவம்’ வேண்டாம்: சைகை வரிவடிவத்துக்குச் சில சொற்கள்

தஞ்சாவூரிலிருந்து:
வணக்கம். காது கேளாதோரின் சைகை மொழியை எழுத்தில் பதியும்போது கையோடு வரும் புருவம், கண், வாய், தலை, தோள் எல்லாவற்றின் குறிக்கும் ஒரு பொதுச்சொல் தேவை. நம் கலைச்சொல் வரைவில் ‘முகபாவம்’ என்றிருக்கிறது. பாவம் என்றால் உணர்ச்சி. இங்கே நடப்பது இலக்கணம். இந்திய சைகை மொழியில் ‘நீ, கும்பகோணம், போ’ என்று மூன்று சைகை காட்டி, கண்ணை விரித்துத் தலையை முன்னே சாய்த்தால் ‘போகிறாயா?’ ஆகிவிடும். நம் வினா ஆகாரத்தின் வேலையை முகம் செய்கிறது; அது வியப்பைக் காட்டும் முகம் அல்ல. 1960இல் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டோக்கி சைகைகளை எழுத வகுத்த முறை இடம், கைவடிவம், அசைவு மூன்றோடு நின்றது. விடுபட்டதற்கு ‘கைசாராக் குறி’ எனலாமா?

கும்பகோணத்திலிருந்து:
ஐயா, முகபாவத்தை நீக்குவது சரி. ஆனால் ‘கைசாரா’ என்பது இன்னது அல்ல என்று சொல்லிப் பெயர் வைப்பது. பதிவுக் கட்டத்தின் தலைப்பில் அதைப் பார்ப்பவர், கை ஓய்ந்திருக்கும்போது வருவது என்றே எடுத்துக்கொள்வார். ‘மெய்ப்பாடு’ அழகான சொல்தான். தொல்காப்பியத்தின் எட்டும் நகை, அழுகை என்று மறுபடி உணர்ச்சிக்கே கொண்டுபோகும். கையோடு உடன் வருவதால் ‘உடன்குறி’ எப்படி? புருவ உடன்குறி, தலை உடன்குறி என்று கிளைக்கும். கைக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். புகாரில் தொடங்கும் சிலம்பின் அரங்கேற்று காதையில் பிண்டியும் பிணையலும் இருக்கின்றன: ஒற்றைக்கை, இரட்டைக்கை.

மயிலாடுதுறையிலிருந்து:
உடன்குறிக்கு என் வாக்கு. பிணையல் போதாது அம்மா. இரு கையும் ஒரே வடிவில் சேர்ந்து இயங்குவது ஒன்று. ஒரு கை அப்படியே நிற்க, மற்றது அதன்மேல் வேலை செய்வது வேறு. நிற்பதைத் ‘தாங்குகை’, மற்றதை ‘இயங்குகை’ என்று பிரிக்காவிட்டால் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுவார்கள். கூத்துச் சொல்லில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நாட்டியம் பயின்ற கண் எந்த விரிந்த கையையும் பதாகை என்ற நாட்டிய முத்திரையாகவே எழுதிவிடும்.

பெரிய குழப்பம் இடம் வலத்தில்தான். 1974இல் வாலரி சட்டன், தம் நாட்டிய எழுத்திலிருந்து வளர்த்த சைகை எழுத்து, செய்பவர் பார்வையில் எழுதப்படுவது. கையின் படம் வெள்ளையாக இருந்தால் அவருக்குத் தெரியும் உள்ளங்கை, கறுப்பு என்றால் புறங்கை. படத்தில் விரலும் கையும் ஒட்டாமல் இடைவெளி இருந்தால் கை தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அசைவைக் காட்டும் அம்பின் தலை கறுப்பானால் வலக்கை, வெள்ளையானால் இடக்கை. காணொளி பார்த்து எழுதுபவரோ எதிரில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளங்கையும் புறங்கையும் மாறி, அம்பும் மாறிவிடும். ஆகவே தலைப்பில் வெறும் ‘வலம்’ வேண்டாம், ‘செய்வோர் வலம்’ என்றே இருக்கட்டும்.

தஞ்சாவூரிலிருந்து:
உடன்குறி, தாங்குகை, இயங்குகை, செய்வோர் வலம் நான்கையும் சேர்த்துவிட்டேன். இன்னொன்று: உடன்குறி எந்தச் சைகையில் தொடங்கி எதில் முடிகிறது என்பதைச் சொற்களின் மேலே கோடாக இழுக்கிறோமே, அதற்கு ‘வீச்சு’. கோட்டை ‘போ’வின் மேல் மட்டும் இழுத்தால், ‘நீ’யிலிருந்தே விரிந்திருந்த கண் பதிவில் இருக்காது, திரும்பப் படிப்பவர் முதலிரண்டு சைகையையும் சாதாரண முகத்தோடு செய்துகாட்டுவார்.

வாய் மட்டும் இழுபறியாக நிற்கிறது. தமிழ்ச்சொல்லை உதட்டால் உருவாக்குவதும், கன்னத்தை உப்பிப் ‘பெரிய’ என்று காட்டுவதும் ஒன்றல்ல. முன்னதற்கு ‘உதட்டுச்சொல்’ என்று வைத்திருக்கிறேன். பின்னதற்கு?