புதுப்பிப்பு: ஷெர்மன் ஃபயர்ஃபிளை ஆகிறது

1/35 அளவு எம்4 ஷெர்மன் டாங்கி மாடல் கிட்டை, 17 பவுண்டர் என்ற நீளமான பீரங்கி பொருத்திய இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் வடிவமான ஃபயர்ஃபிளையாக மாற்றப்போவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். "பீரங்கிக் குழலை மட்டும் நீட்டினால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாதுங்க.

17 பவுண்டர் சுட்டதும் பின்னால் உதைத்து வர, டாங்கியின் மேலே சுழலும் டரட்டுக்குள் இடம் கிடையாது. அதனால் பின்சுவரில் ஓட்டை போட்டு, வயர்லெஸ் செட்டை வெளியே ஒரு கவசப் பெட்டிக்குள் தள்ளினார்கள். ஃபயர்ஃபிளைக்கு முகவெட்டே அந்தப் பெட்டிதான். 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டியாயிற்று. இதுவரை செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

டரட் வார்த்த எஃகு என்பதால் மொழுமொழுவென்று இருக்கக்கூடாது. புட்டியை லிக்விட் சிமென்ட் என்ற பிளாஸ்டிக் பசையில் கரைத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் பழைய முரட்டு பிரஷ்ஷால் குத்திக்கொண்டே போனால் அந்தச் சொரசொரப்பு அப்படியே வந்துவிடுகிறது.

குண்டு அடுக்க இடம் வேண்டி முன்பக்க மெஷின் கன் ஆளையே நீக்கிவிட்டார்கள். அந்த மெஷின் கன் துளையையும் அடைத்துவிட்டேன். குழலுக்குப் பித்தளைக் குழாய். பிளாஸ்டிக் பசை அதில் பிடிக்காது, சூப்பர் குளூதான். முனையில் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக், அக்கிலிஸ் என்ற டாங்கி எதிர்ப்பு வண்டியின் கிட்டிலிருந்து எடுத்தது. அதிலும் இதே 17 பவுண்டர், அதனால் கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்து பெயின்ட். நீளக் குழலைப் பார்த்தால் ஜெர்மானியர்கள் முதலில் அதைத்தான் குறிவைப்பார்கள் என்று, முன்பாதியின் அடிப்பக்கத்தில் அலையலையாக வெள்ளை அடித்துக் குட்டையாகக் காட்டினார்கள். அந்த அலையைக் கையாலேயே வரையப்போகிறேன்.