தேயிலைக்குள் தனியாகக் கிடந்த மான்குட்டி: பால் கொடுக்கலாமா?

கொழுந்து_கோத்தகிரி:
சோலைக்காட்டை ஒட்டின தேயிலையில் கவாத்து வெட்டும்போது செடிக்கு அடியில் புள்ளிமான் குட்டி ஒன்று கிடந்தது. பூனை அளவுதான் இருக்கும். காயம் இல்லை, கத்தவில்லை, அசையவும் இல்லை. தாயைக் காணோம். ஆட்கள் தொழிலாளர் லைன் வீட்டுக்குத் தூக்கி வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. பாட்டிலில் பசும்பால் கொடுக்கலாமா? தெப்பக்காடு முகாமில் வாங்கிக்கொள்வார்களா?

சோலைநிழல்:
பாட்டிலை ஓரமாக வையுங்கள். முதலில், அது புள்ளிமானாக இருக்காது. கோத்தகிரி கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி. புள்ளிமான் கீழே முதுமலை, சீகூர், மாயாறு பக்கம். கேளையாடு என்கிற சின்ன மானின் குட்டிக்கும் பிறந்த புதிதில் முதுகில் வெள்ளைப் புள்ளி உண்டு, பிறகு மறைந்துவிடும். புள்ளிமான் என்று எழுதிக்கொடுத்தால் கீழே ஏதாவது கூட்டத்தோடு விடப் பார்ப்பார்கள். கேளையாடு தனியாகத் திரிகிற ஜாதி, கூட்டத்தில் அதற்கு வேலையில்லை.

அசையாமல் கிடந்ததும் சீக்கு இல்லை. தாய் குட்டியை ஒளித்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வந்து போகும். குட்டியின் உடம்பில் வாடை ரொம்பக் குறைவு, அதுதான் அதற்குக் காவல். தாய் பக்கத்திலேயே நின்றால் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இடம் தெரிந்துவிடும்.

இன்றைக்கே கொண்டுபோய் எடுத்த இடத்தில் வையுங்கள். அந்த வரிசை வெட்டியாகிவிட்டதா? அப்படியானால் சோலைப் பக்கம் வெட்டாத செடிகளில் எது கிட்டே இருக்கிறதோ அதன் அடியில். நாய்களைக் கட்டிப்போடுங்கள், ஆட்களை வேறு பாத்திக்கு அனுப்புங்கள். பார்த்தே ஆகணும் என்றால் நூறு மீட்டர் தள்ளி, ஒரே ஒருவர். பெரும்பாலும் அந்தியிலோ விடியலிலோதான் தாய் வரும். மனுஷ வாடை பட்டால் சேர்க்காது என்பதை நம்பி நிறைய குட்டிகளை அநாதையாக்கிவிட்டோம். சில மணி நேரம் கையில் இருந்த குட்டியைத் தாய் சேர்த்துக்கொள்ளும்.

மலைக்_கால்நடை:
மேலே சொன்னது சரி. ஆனால் இதில் ஏதாவது இருந்தால் திரும்ப வைக்காதீர்கள்: கண் குழி விழுந்திருப்பது, காது நுனி சுருண்டிருப்பது, வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருப்பது, தொப்புளிலோ ஆசனவாயிலோ ஈ முட்டை, நாய்க்கடி. விடாமல் கத்திக்கொண்டு ஆள் பின்னாலேயே வந்தாலும் தாய் போயிருக்கலாம். நாய்ப்பல் பட்ட இடம் வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே சதை கிழிந்து சீழ் பிடிக்கும். கட்டுப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதன் எச்சிலோ ரத்தமோ உங்கள் கை வெட்டில் பட்டிருந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.

குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தால் வயிறு வேலை செய்யாது, பால் அப்படியே நின்று உப்பிவிடும். முதலில் சூடு. அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு போதுமென்றால் அது நகர்ந்துகொள்ளட்டும். உடல் வெப்பம் 101 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, விரலைச் சப்பவும் செய்தால்தான் வாய்வழி. அதுவும் முதல் தடவை ஓஆர்எஸ் மட்டும், வெதுவெதுப்பாக. சப்பாத குட்டிக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். மீட்டுக் கொண்டுவந்த குட்டிகள் சாக இது ஒரு பெரிய காரணம். கைக்குழந்தை மாதிரி மல்லாத்தாதீர்கள். குப்புறப் படுத்த நிலையில், தலை லேசாக நிமிர்ந்தால் போதும்.

மான் பாலில் கொழுப்பு அதிகம், பசும்பால் அதற்குத் தண்ணி. அவசரத்துக்குத் தண்ணீர் கலக்காத ஆட்டுப்பால் பரவாயில்லை. ஒன்றரைக் கிலோ குட்டிக்கு முதல் நாள் மொத்தம் 150 மில்லி, ஐந்தாறு வேளையாகப் பிரித்து. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் ஈரப்பஞ்சால் பின்பக்கத்தைத் துடைத்தால்தான் கழியும். தாய் நக்கிவிடுகிற வேலை அது. சோறு, இட்லி, பன் எதுவும் கூடாது.

சீகூர்_சரிவு:
பால் கணக்கெல்லாம் படித்துவிட்டு யாரும் வளர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அது வனத்துறை வருகிறவரைக்கும்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி காட்டு விலங்கு அரசுச் சொத்து, கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். இப்போதே வனவரிடமோ ரேஞ்சரிடமோ போனில் சொல்லி, எடுத்த இடத்தின் படத்தையும் அனுப்புங்கள்.

தெப்பக்காடு யானை முகாம், மான் அனுப்புகிற இடம் இல்லை. தவிர அவ்வளவு தூரம் ஜீப்பில் போவதே குட்டிக்கு ஆபத்து. பயந்துபோன மானுக்குத் தசை சிதைந்து சிறுநீர் காப்பி நிறமாகும், அன்றைக்கு நன்றாக இருந்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட விழும். லைனில் ஆள் மாற்றி ஆள் தூக்கி செல்ஃபி எடுப்பதை நிறுத்தினாலே பாதி வைத்தியம்.

புட்டிப்பாலில் வளர்ந்த ஆண் குட்டி இன்னும் மோசம். மனுஷ பயம் போயிருக்கும். கொம்பும் கோரைப்பல்லும் வந்ததும் பால் கொடுத்தவரையே குத்தும். காட்டில் விட்டால் நாயைப் பார்த்தும் ஓடாது. கடைசியில் ஆயுசுக்கும் கூண்டுதான்.

கொழுந்து_கோத்தகிரி:
கண் தெளிவாக இருக்கிறது, வாய் சூடாக இருக்கிறது. வனவரிடம் சொல்லிவிட்டோம், திரும்ப வைக்கச் சொல்லி அவரும் வருகிறார். கவாத்தை எத்தனை நாள் நிறுத்தணும்?

சோலைநிழல்:
மொத்தமாக நிறுத்த வேண்டாம். சோலை ஓரத்தில் பத்து வரிசையைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு மற்ற பக்கத்தை முடியுங்கள். தாய் வந்தால் குட்டியை வேறு இடத்துக்கு மாற்றிவிடும். அதனால் நாளைக்கு அங்கே காணோம் என்று தேடப் போகாதீர்கள். அந்த வரிசைக்கு வரும்போது கத்தி வைப்பதற்கு முன்னால் கம்பால் செடியைத் தட்டிவிட்டு, குனிந்து அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். தட்டினால் மட்டும் குட்டி எழுந்து ஓடாது.