6யூ செயற்கைக்கோள் கேமரா: குவியம் நகரும் சிக்கலுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாணவர் குழுவாகச் சேர்ந்து, 6யூ க்யூப்சாட்டுக்குள் (10 செ.மீ. கனசதுர அலகுகள் ஆறு சேர்ந்த சிறிய செயற்கைக்கோள்) அடங்கும் புவி நோக்குக் கேமரா ஒன்றை வடிவமைத்து வருகிறோம். உயரம் 500 கி.மீ., குவியத்தூரம் 580 மி.மீ., பிக்சல் 5.5 மைக்ரான். கணக்குப்படி ஒரு பிக்சல் தரையில் சுமார் 4.7 மீட்டர். முதன்மை ஆடியின் விட்டம் 90 மி.மீ.; பச்சை ஒளியில் விளிம்பு விளைவின் (ஒளி அலை விளிம்பில் வளைந்து பரவுவது) எல்லை தரையில் சுமார் 3.7 மீட்டர். அதுவரை சரி.

வெப்பநிலையில்தான் மாட்டிக்கொண்டோம். காஸக்ரெய்ன் அமைப்பு (முதன்மை ஆடி, அதன் எதிரே சிறிய இரண்டாம் ஆடி), ஆடிகள் கண்ணாடியில், குழாய் அலுமினியத்தில். ஆடிகளுக்கு இடையே 150 மி.மீ. இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி மாறினால் இந்த இடைவெளி 35 மைக்ரான் நகரும். அதை இரண்டாம் ஆடி பல மடங்காகப் பெருக்கிவிடுகிறது. எங்களுக்குக் கிடைக்கும் குவிய ஆழமோ (படம் மங்காமல் குவியம் நகரக்கூடிய அளவு) ±45 மைக்ரான்தான். படம் நிச்சயம் மங்கிவிடும்.

ஆடி, குழாய் இரண்டையும் அலுமினியத்திலேயே செய்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் விரியும், குவியம் சென்சாரை விட்டு விலகாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால்? அலுமினியத்தைத் தேவையான அளவுக்கு வழவழப்பாக்குவதும் கடினம். கார்பன் இழைக் குழாய் அவ்வளவாக விரியாது, ஆனால் தரையில் ஈரத்தை உறிஞ்சி, விண்வெளியில் அதை இழந்து சுருங்கும். என் மனம் கார்பன் இழைப் பக்கம்தான் சாய்கிறது. குவியம் திருத்தும் மோட்டார் வைக்காமல் இதைச் சமாளித்தவர்கள் இருக்கிறீர்களா? ஈரம் போகும் சுருக்கத்தை முன்கூட்டியே எப்படிக் கணித்தீர்கள்?

அப்புறம் இன்னொன்று. தரை நொடிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஓடுவதால் ஒளியைச் சேர்க்க ஒரு பிக்சலுக்கு 0.7 மில்லி நொடிகூட முழுதாகக் கிடைப்பதில்லை. டி.டி.ஐ. சென்சார் (ஒரே தரைப் புள்ளியின் ஒளியை அடுத்தடுத்த பிக்சல் வரிசைகளில் கூட்டிச் சேர்ப்பது) நல்லதா, சாதாரண சென்சாரில் பல படங்களை எடுத்து அடுக்குவது போதுமா? செய்து பார்த்தவர்களின் அனுபவம் எங்களுக்கு மிகவும் தேவை.