ஒரே கணக்கு, இரண்டு கணினி: காப்பா, வம்பா?

மெழுகுவர்த்தி:
மெட்டாடிரேடர் 5 என்ற வர்த்தக மென்பொருளை வீட்டுக் கணினியில் ஒன்றும் வாடகை சர்வரில் ஒன்றுமாக ஓட்டுகிறேன். இரண்டிலும் அதே கணக்கு, அதே தானியங்கி நிரல். ஒன்று மின்சாரம் போய் நின்றாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். இது கூடவே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். புரோக்கரே தடுக்காதபோது இவர்களுக்கு என்ன?

கணக்குப்பிள்ளை:
புரோக்கர் தடுக்கமாட்டார், சிக்கலே அதுதான். அவருடைய சர்வரைப் பொறுத்தவரை இரண்டு டெர்மினலும் (இரண்டு கணினியிலும் ஓடும் மெட்டாடிரேடர்) நீங்கள்தான். இரண்டும் வாங்கச் சொன்னால் இரண்டு முறை வாங்கும்.

மெழுகுவர்த்தி:
அதுகூடத் தெரியாமலா இறங்கியிருக்கிறேன்? இரண்டுக்கும் மேஜிக் எண் (நிரல் தன் ஆர்டர்களில் இடும் அடையாள எண்) ஒன்றுதான். ஆர்டர் அனுப்பும் முன், அந்த எண்ணில் பொசிஷன் (இன்னும் மூடாத வர்த்தகம்) இருக்கிறதா என்று நிரல் பார்க்கும்; இருந்தால் ஒதுங்கிவிடும். நான்கு மாதங்களாக ஒருமுறைகூட இரட்டை ஆர்டர் விழவில்லை.

கணக்குப்பிள்ளை:
அது உங்கள் அதிர்ஷ்டம். விலை வரைபடத்தில் புதிய மெழுகுவர்த்தி (உங்களைச் சொல்லவில்லை, விலைப் பட்டையைச் சொல்கிறேன்) தொடங்கும் முதல் டிக்கில், அதாவது முதல் விலை மாற்றத்தில், இரண்டு டெர்மினலும் ஒரே நேரத்தில் பார்க்கின்றன. இரண்டுக்கும் பொசிஷன் இல்லை என்றே தெரியும். பார்ப்பதற்கும் ஆர்டர் சர்வரில் பதிவாவதற்கும் நடுவில் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி கிடைத்தாலே போதும், இரண்டும் உள்ளே போய்விடும்.

நெட்டிங் கணக்கில், அதாவது ஒரே பொருளில் வாங்கியதும் விற்றதும் ஒன்றுக்கொன்று கழியும் கணக்கில், வெளியேறும்போது இன்னும் மோசம். 1 லாட் (வர்த்தக அளவின் அலகு) வாங்கி வைத்திருக்கிறீர்கள். பொசிஷன் எண்ணைக் குறிப்பிடாமல் இரண்டு நிரலும் 1 லாட் விற்கின்றன. முதல் விற்பனை கணக்கை நேர் செய்யும். இரண்டாவது உங்களை எதிர்த்திசையில் 1 லாட் விற்றவராக நிறுத்திவிடும். எனக்கு இது நடந்தது. லாபத்தோடு வெளியேறிவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இராக்கோழி:
2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றினார்கள். எட்டாவதில் பழைய நிரல் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் அது அனுப்பித் தள்ளிய ஆர்டர்களால் 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று. மெழுகுவர்த்தி, கடைசியாக நிரலைத் திருத்தியபோது இரண்டு கணினியிலும் திருத்தினீர்களா?

மெழுகுவர்த்தி:
வாடகை சர்வரில் இரண்டு நாள் கழித்துத்தான் திருத்தினேன். சரி, மாட்டிக்கொண்டேன். ஆனால் ஒற்றை டெர்மினலை நம்பச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்: ஸ்டாப் லாஸ் என்பது நட்டம் வளராமல் தானாக வெளியேற வைக்கும் விலை; விலை சாதகமாக ஓட ஓட அதைப் பின்னாலேயே நகர்த்தும் டிரெய்லிங் ஸ்டாப் ஓடுவது டெர்மினலில், புரோக்கரின் சர்வரில் அல்ல. டெர்மினல் நின்றால் ஸ்டாப் லாஸ் கடைசியாக நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். விலை சாதகமாக ஓடிவிட்டுத் திரும்பினால் அந்த லாபம் முழுவதும் போய்விடுமே?

புதுவரவு:
ஒரே கணினியில் நான்கு டெர்மினல், நான்கு வெவ்வேறு கணக்கு என்று வைத்திருக்கிறேன். எனக்கும் ஆபத்தா?

கணக்குப்பிள்ளை:
கணக்கு வேறு என்றால் இந்தச் சண்டையே இல்லை. தனித்தனிக் கோப்புறையில் நிறுவினால் போதும்.

மெழுகுவர்த்தி, டிரெய்லிங் ஸ்டாப் விஷயம் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கணினியில் முதலீட்டாளர் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழையுங்கள். எல்லாம் தெரியும், ஆனால் ஆர்டர் போடவோ மாற்றவோ முடியாது. முதல் கணினி நின்றால் நீங்களே அங்கே முதன்மைக் கடவுச்சொல்லுக்கு மாறிக்கொள்ளலாம்.

மெழுகுவர்த்தி:
அதிகாலை இரண்டு மணிக்கு யார் எழுந்து மாறுவது? நீங்களே தூங்கிவிட்ட கதையைத்தானே மேலே சொன்னீர்கள்!

இராக்கோழி:
நான் வேறு மாதிரி வைத்திருக்கிறேன். இரண்டாவது கணினியில் ஓடும் நிரல் பொசிஷனைத் திறக்காது, மூடாது. ஸ்டாப் லாஸை மட்டும் முன்னே நகர்த்தும். இரண்டும் ஒரே விலைக்கு நகர்த்தச் சொன்னால் இரண்டாவது கோரிக்கையை 'மாற்றம் இல்லை' என்று புரோக்கரின் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். ஒரே ஸ்டாப்பை இரண்டு முறை வைத்தால் நட்டமில்லை. ஒரே ஆர்டரை இரண்டு முறை போட்டால்தான் நட்டம்.

கணக்குப்பிள்ளை:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் ஆர்டர் போடும் வரிகளை அந்த நிரலிலிருந்து அடியோடு வெட்டிவிடுங்கள். அமைப்பில் அணைத்து வைப்பதோடு நின்றால், என்றாவது ஒரு நாள் அவசரத்தில் நீங்களே அதைப் போட்டுவிடுவீர்கள்.

மெழுகுவர்த்தி:
வெட்டுகிறேன். சனிக்கிழமை சந்தை மூடியிருக்கும், அன்று செய்கிறேன். அதுவரை வாடகை சர்வரில் இருப்பதை நிறுத்திவிட்டேன், திருப்திதானே?