மறுமொழி: 'ஆதரிக்கப்படாத உலாவி'க்கு மாற்றுச் சொல்

குழுவினருக்குச் செங்கோட்டையிலிருந்து வணக்கம். ஒரு தளம் நம் உலாவியை (பிரவுசரை) ஏற்காதபோது திரையில் வரும் 'unsupported browser' என்பதை இப்போது 'ஆதரிக்கப்படாத உலாவி' என்கிறோம். அதற்கு மாற்றாக நான் 'சோதிக்காத உலாவி' என்றதற்கு ஆரியங்காவு நண்பர் எழுதிய பதில் இது:

> 'சோதிக்காத உலாவி' என்றால் சாவடியில் சோதிக்காமல் விட்ட லாரி போல, உலாவியின் மேல்தான் சந்தேகம் விழும். இருக்கிற சொல்லே போதும்.

ஆரியங்காவு நண்பரின் முதல் வரி சரி. நான் முன்வைத்த 'சோதிக்காத உலாவி'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேரள எல்லையில் இருக்கும் புளியரைச் சாவடி வழியாகக் காய்கறி ஏற்றிப் போகிறவர்களுக்குச் சோதனை என்றதும் தார்ப்பாயை அவிழ்ப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டாவது வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

என் கணினி மையத்துக்கு ஓர் அம்மா வந்திருந்தார். மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு ஒரு தனியார் அறக்கட்டளையின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என்னிடம் இருப்பது விண்டோஸ் 7 கணினி. அதில் ஓடும் கடைசி குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பு. பக்கம் திறந்ததும் திரை முழுக்க ஒரே வரி: 'ஆதரிக்கப்படவில்லை'. அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை ஒருமுறை பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தச் சான்று செல்லாதா?" என்று கேட்டார். உறைக்குள் இருந்தது ஆதரவற்ற விதவைச் சான்று.

ஆதரவு என்ற சொல் தமிழில் எங்கே புழங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது. ஆதரவற்றோர் இல்லம், ஆதரவற்ற முதியோர், ஆதரவு தாருங்கள். மனிதருக்கு மனிதர் தரும் பற்றுக்கோடு அது. அதைக் கணினித் திரையில் 'ஆதரிக்கப்படவில்லை' என்று செயப்பாட்டு வினையில் போட்டால், யார் ஆதரிக்கவில்லை, யாரை ஆதரிக்கவில்லை என்பதே தெரிவதில்லை. வாசிப்பவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார். இதே ஆதரவு என்ற பொருளில் வரும் மலையாளத்தின் 'பிந்துண', தெலுங்கின் 'மத்தது' இரண்டையும் சித்தூர் நண்பர் எடுத்துக்காட்டினார். அவை அந்தந்த மொழியில் இயல்பாக ஒலிக்கலாம். நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு வேறு பாரம் இருக்கிறது. அவர் தந்த 'பொருந்தா உலாவி'யும் குறையை உலாவியின் தலையில்தான் கட்டுகிறது.

உண்மையில் நடப்பது என்ன? தளத்தை உருவாக்கியவர்கள் நான்கைந்து உலாவிகளில் அதை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். மற்றவற்றில் பார்த்திருக்க மாட்டார்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுகிறோம். எங்கள் ஊரிலிருந்து புனலூர் போகும் மீட்டர் கேஜ் பாதையை 2010-இல் மூடி, அகலப் பாதையாக்கி, 2018-இல் மீண்டும் திறந்தார்கள். பயணிகளை ஏற்றுவதற்கு முன் வெள்ளோட்டம் விட்டுத்தான் பார்த்தார்கள். உலாவி பாதை, தளம் வண்டி. ஆகவே என் முன்மொழிவு: வெள்ளோட்டம் பார்க்காத உலாவி. சற்று நீளம்தான். ஆனால் பார்க்காதவர் யார் என்பதில் ஐயமே வராது.

பாலக்காட்டு நண்பர், சொல் எதுவானாலும் பழைய உலாவிகளை உள்ளே விடக் கூடாது, பணப் பரிமாற்றம் பாதியில் நின்றால் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார். நியாயமான கவலை. ஆனால் இப்படி நிறுத்தும் தளங்கள் பல உலாவியின் திறனைப் பார்ப்பதில்லை. உலாவி தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லி அனுப்பும் அறிமுக வரியை (user agent) மட்டும் பார்க்கின்றன. அந்த வரி நெடுநாளாகவே நம்பத்தகாதது. இன்று குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாமே ஒரே பெயரில், 'மொசில்லா 5.0' என்றுதான் தொடங்குகின்றன. குரோம் தன் வரியில் சஃபாரியின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறது. 2009-இல் ஓப்பரா உலாவியின் பத்தாம் பதிப்பு வந்தபோது, பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை ஒன்றாம் பதிப்பு என்று எண்ணின. கடைசியில் ஓப்பரா தன்னை 9.80 என்று அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. வண்டியின் எண் பலகையைப் பார்த்து உள்ளே இருக்கும் சரக்கை முடிவு செய்வது போன்றது இது.

அந்த அம்மா வந்த அன்று நானும் ஓப்பராவின் வழியைத்தான் பிடித்தேன். அறிமுக வரியில் பதிப்பு எண்ணை மட்டும் கூட்டிப் போட்டேன். படிவம் திறந்தது. புகைப்படம் ஏறியது, சான்று ஏறியது, கைப்பேசிக்குக் கடவு எண் வந்தது, விண்ணப்ப எண்ணை அச்சிட்டும் கொடுத்தேன். அந்த உலாவியால் முடியாத வேலை அந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. இணைப்பை மறையாக்கிக் காக்கும் டிஎல்எஸ் 1.2 நெறிமுறை கட்டாயம் என்று வழங்கியில் (சர்வரில்) அமைத்துவிட்டால், அது தெரியாத மிகப் பழைய உலாவிக்கு இணைப்பே கிடைக்காது. உங்கள் தடை அறிவிப்பும் அதற்குப் போய்ச் சேராது. அறிவிப்பைப் பார்க்கிறவர் அந்த வாசலைத் தாண்டி வந்தவர். பணம் செலுத்தும் படிக்கு ஒரு குறிப்பிட்ட திறன் தேவையென்றால், அந்தத் திறன் இருக்கிறதா என்று அங்கே பாருங்கள், இல்லையென்றால் அங்கே நிறுத்துங்கள். முதல் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

அப்படி முதல் பக்கத்திலேயே நிறுத்துவதற்கு 'உலாவித் தடை' என்ற சொல் வேண்டாம். தடை என்றால் அரசாணை போல ஒலிக்கிறது. வழிப்போக்கரை மறிக்கும் செயல் இது. உலாவி மறிப்பு என்று வைக்கலாம்.

திரையில் வர வேண்டிய வாசகத்தையும் எழுதிப் பார்த்தேன்: "நீங்கள் பயன்படுத்தும் உலாவியில் நாங்கள் இத்தளத்தை வெள்ளோட்டம் பார்க்கவில்லை. சில பகுதிகள் சரியாக இயங்காமல் போகலாம். நீங்கள் தொடரலாம்." கீழே 'தொடர்க' என்று ஒரு பொத்தான்.

இதைவிடச் சுருக்கமாக ஒருவரால் சொல்ல முடிந்தால் மகிழ்ச்சி. 'நாங்கள்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.